வீட்டில் பூனை இல்லை

அன்பு மகனுக்கு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கை மூவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆபரேஷன் செய்த கண்ணில் புண் ஆறாமல் இரண்டு மாதம் இழுத்தது உனக்குத் தெரியும், போன வாரம்தான் கட்டைப் பிரித்தார்கள். இன்னும் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்கு வேலைக்குப் போகவில்லை. பதினாறு வருஷம் அந்த ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்தவள், அதே விரிப்பில் நான் படுத்தபோதுதான் அதன் ஓரத் தையல் கன்னத்தில் எப்படி உறுத்துகிறது என்று தெரிந்தது. அசதியாக இருக்கிறதப்பா, சும்மா உட்கார்ந்திருப்பதே அசதியாக இருக்கிறது. நிற்க.

நேற்று மதியம் உன் பழைய கடிதங்களை எடுத்து நானே படித்தேன். மருத்துவர் படிக்கக் கூடாது என்றுதான் சொன்னார், கேட்கவில்லை. நாலாவது கடிதத்தில், துப்பாக்கிக்கு தினம் இரண்டு வேளை எண்ணெய் போட்டாலும் உப்புக்காற்றில் துரு ஏறுகிறது, காலுறை காய்வதே இல்லை, எந்தப் பக்கம் நடந்தாலும் அரை மணியில் கடல் வந்துவிடுகிறது என்றெல்லாம் எழுதிவிட்டு, அதன் கீழே "பூனை எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ கிளம்பிய அன்று பஸ் நிலையத்தில் நாம் இருவரும் பேசி வைத்தது அல்லவா அது? ராணுவ முகாமில் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்கள், தாங்க முடியவில்லை என்று நேராக எழுத முடியாது, பூனையைக் கேட்டால் என்னால் முடியவில்லை என்று புரிந்துகொள் என்றாயே. நான்தான் யாரிடமும் அதைச் சொல்லி வைக்கவில்லை. கண் கட்டியிருந்த நாளில் உன் தங்கை இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது அந்த வரியை விட்டுவிட்டாள். ஏனடி என்று கேட்டால், நம்ம வீட்லதான் பூனையே இல்லையேம்மா, அண்ணன் யாருக்கோ எழுத வேண்டியதை மாத்தி எழுதிட்டான்னு நெனச்சேன் என்கிறாள். அதோடு விட்டாளா, பதில் எழுதும்போது என் பேரில் தானாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறாள், நம் வீட்டில் பூனை எதுவும் இல்லை, இனி கவனமாக எழுதவும் என்று. வகுப்பில் பிழை திருத்திப் பழகியவள். இதை எழுதும்போது அழுகிறாள், அழுதுகொண்டே எழுது, எழுத்து மட்டும் கலையக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

அப்படியென்றால் நீ என்ன நினைத்திருப்பாய்? அம்மா கைவிரித்துவிட்டாள் என்றுதானே. அதற்குப் பிறகு வந்த மூன்று கடிதமும் நலம், சாப்பிட்டேன், தூங்கினேன் என்று முடிந்துபோனதற்குக் காரணம் இப்போதுதான் எனக்கு விளங்கியது. பிள்ளை பொறுப்பாகிவிட்டான், வளவளவென்று எழுதுவதில்லை என்று எதிர்வீட்டுத் தையல்காரரிடம் நான் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அவர் ராணுவத்தில் இருந்தவர், தலையை மட்டும் ஆட்டினார். நேற்று ஓடிப்போய் அவரிடம் கேட்டேன். முதல் எட்டு மாசம் முடியறப்ப ஒரு தாள் வரும்மா, அதுல கையெழுத்துப் போடலேன்னா பையன் வந்துடலாம், போட்டுட்டான்னா ஏழு வருஷம் அசைய முடியாது என்றார். உனக்கு எட்டு மாதம் முடிய இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது. உன் தீவுக்குத் தபால் படகு பத்து நாளைக்கு ஒரு முறைதான். அதனால் இனி பூனையும் வேண்டாம் நாயும் வேண்டாம், பச்சையாகவே சொல்கிறேன். இதைப் பிரித்துப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், மை பூசி மறைக்க வேண்டுமென்றால் என் கண் புண் கதையில் எவ்வளவு வேண்டுமானாலும் பூசிக்கொள்ளுங்கள், அடுத்த வரியை மட்டும் என் மகன் படிக்க விட்டுவிடுங்கள். உனக்கு அங்கே இருக்க முடியவில்லை என்றால் கையெழுத்துப் போடாதே, வந்துவிடு.

அப்பாவிடம் சொல்லத்தான் பயந்தேன். லேத் பட்டறைக்கு வா என்று அவர் பிடித்த பிடியில்தானே நீ அவ்வளவு தூரம் போனாய். ராத்திரி சொன்னதும், சாப்பிட்ட தட்டிலேயே வெகுநேரம் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு கை கழுவிக்கொண்டே, வந்தா பட்டறையில நிக்கச் சொல்ல மாட்டேன்னு எழுது, என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான், உன் அப்பாவுக்கு அது ரொம்ப அதிகம். உன் அறையில் போட்டு வைத்திருந்த இரும்புத் துண்டுகளை இன்று காலை அவரே வெளியே எடுத்துப் போட்டார். ஆனால் இதற்குள் அந்த இடம் உனக்குப் பழகியிருந்தால், கூட இருக்கிற பையன்கள் ஒட்டியிருந்தால், எங்களுக்காக ஓடி வரவும் வேண்டாம். இருக்கிறேன் என்றாலும் சரி, வருகிறேன் என்றாலும் சரி. ஏன் வந்தாய் என்று கேட்கும் ஆள் இந்த வீட்டில் இல்லை, தெருவில் கேட்பவர்களுக்கு நான் இருக்கிறேன்.

எங்கே இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழ என் ஆசீர்வாதம். காலுறையை அடுப்படிப் பக்கமாகக் காயப்போடு, ஈரத்தோடு பூட்ஸ் மாட்டாதே. பதில் ஒரே சொல்லில் இருந்தாலும் போதும், அடுத்த படகிலேயே போட்டுவிடு. பூனை இல்லை என்ற அந்த வரி என் பேரில் வந்தது, நான் சொல்லி வந்ததல்ல. அதனால் கீழே பேர் மட்டும் நானே எழுதுகிறேன். வரி மேலும் கீழுமாக ஓடினால் கண்ணைக் குற்றம் சொல், இதைச் சொன்னது நான்தான் என்பதில் சந்தேகப்படாதே.

இப்படிக்கு,
உன் அம்மா