தூக்குக்குண்டும் விமானமும்

பலாங்கொடை, 1934

அன்புத் தம்பிக்கு,

1. உனக்கு வாழ்த்து.
2. உன் கருவியின் யோசனை என்னுடையது.
3. அண்ணி நலம்.

மேகத்துக்குள் விமானம் சாய்வதைக் காட்டும் கருவியை, உள்ளே ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, நீ செய்ததாகப் பத்திரிகையில் படித்தேன். மகிழ்ச்சிதான். அண்ணி உன் படத்தை வெட்டிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். என் படம் அங்கே இருந்ததில்லை. தோட்டத்தில் மழைநீர் ஓடக் கான் வெட்டும்போது சாய்வு பார்க்க நான் நூலில் தொங்கவிட்ட தூக்குக்குண்டிலிருந்துதானே நீ கற்றாய்? அதுவே போதுமே, உன் சுழலும் சக்கரம் எதற்கு?

நிரூபிக்க எண்ணி, நேற்று பஸ்ஸில் குண்டைத் தொங்கவிட்டேன்.

"என்னங்க பெரியவரே, தூண்டில் போடுறீங்களா?" என்று கண்டக்டர் சிரித்தான்.

வளைவில் பஸ் சாயவில்லை. குண்டு மட்டும் சாய்ந்தது. வளைவு முடியும்வரை அது பொய்யே சொன்னது. அதை நம்பியிருந்தால் உன் விமானம் விழுந்திருக்கும்.

மேலே எழுதியதில் இரண்டாம் எண் தவறு, தம்பி. முதலாம் எண்ணைத்தான் இன்னும் மனதார எழுத வரவில்லை.

உன் அண்ணன்