‘தீர்ந்தது’ என்று நான் எழுதிய வரி

அக்கா,

போன வாரம் புதுவாயல் கூட்டு ரோட்டில் பேருந்தை விட்டு இறங்கினேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. டீக்கடைப் புகையையும் லாரி டீசலையும் தாண்டி, பழைய பேட்டரியை உருக்கும்போது வருமே, அந்தப் புளித்த நெடி தொண்டையில் வந்து உட்கார்ந்தது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்த நிறுத்தத்தில் நான் கடைசியாக இறங்கி அதற்கும் மேலாகிறது.

நான் உங்களை முதலில் பார்த்தது நெடுஞ்சாலை மறியலில். காலனியை ஒட்டிய ஈய ஆலையால் மாடுகள் செத்தன, பிள்ளைகளுக்கு வயிற்றுவலி நிற்கவில்லை என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்திருந்தது. வழக்கும் வேண்டாம், தடியடியும் வேண்டாம், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவோம் என்று மாவட்ட நிர்வாகம் முடிவெடுத்தது. உட்கார வைக்கும் வேலை எனக்கு வந்தது. தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. இரண்டு பக்கமும் பேச வழி செய்து கொடுக்க வேண்டும், ஒரு பக்கமும் சாயக்கூடாது. அதனால்தான் அங்கே உங்களை ஒரு நாளும் அக்கா என்று கூப்பிடவில்லை.

ஊராட்சி அலுவலகத்தில் முதல் கூட்டத்துக்கு, ஊர் சார்பில் பேச, நீங்கள் கூட்டித் துடைக்கப் போகும் வேறொரு கம்பெனியின் நீலக் கோட்டோடு வந்தீர்கள். வந்ததும் கேட்டது நேரத்தைப் பற்றித்தான். “பத்து மணிக்கு வெச்சா எங்க ஆளுங்களுக்கு ஒரு நாள் கூலி பூடும் மேடம். ஷிப்ட் முடிஞ்சி வைங்க.” மாற்றினேன். ஊர்ப் பையன்கள் மேசையைத் தட்டிக் கத்தியபோது நீங்கள் திரும்பிப் பார்த்து, “கத்திக்கினு போனா ஒரு நாளு பேப்பர்ல வரும். குந்திப் பேசுனாத்தான் அவங்க இன்னா சொல்றாங்கன்னு தெரியும்” என்றீர்கள். அவர்கள் உட்கார்ந்தார்கள். என் பயிற்சி வகுப்புகளில் யாரும் எனக்கு அப்படி ஒரு துணையைத் தந்ததில்லை.

நீங்கள் கேட்டவை நான்கு. புகைபோக்கிக்கு வடிகட்டி, குழாயில் நல்ல தண்ணீர், பிள்ளைகளுக்கு ரத்தப் பரிசோதனை, காலனிக்குப் பின்னால் புதைத்திருக்கும் உலைக் கசடைத் தோண்டி அப்புறப்படுத்துவது. ஐந்தாவது கூட்டத்தில் ஆலைக்காரர்கள் மூன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். நான்காவதற்கு மேலாளர், “அது ஆலைய நாங்க வாங்குறதுக்கு முன்னாடி பொதைச்சது” என்று கோப்பை மூடினார். ஊர்க்காரர்கள் எழுந்துவிட்டார்கள்.

நான் உங்களைக் கட்டடத்துக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி அருகே தனியாக அழைத்துப் போனேன். ஒவ்வொரு தரப்போடும் தனியே பேசுவது எங்கள் வேலையில் உள்ளதுதான். ஆனால் அன்று நான் பேச வைக்கவில்லை, பணிய வைத்தேன். மூன்றையும் இப்போது வாங்கிக்கொள்ளலாம், நான்காவதை இரண்டாம் கட்டத்தில் பார்க்கலாம் என்றேன்.

“அந்தக் கட்டத்துக்கு நீங்க வருவீங்களா மேடம்?”

“வருவேன்.”

மறு கூட்டத்தில் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தீர்கள். கடைசி வரியில் விரல் நின்றது. “பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்ததுன்னு ஏன் போட்டுக்கீது? இன்னும் ஒண்ணு பாக்கி கீதே?”

“அது ஆபீஸ்ல வழக்கமா எழுதுற வரி,” என்றேன். அந்த வரி இருந்தால்தான் மேலதிகாரிகளுக்குக் கோப்பு முடிந்ததாகத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். “சரி” என்று கையெழுத்துப் போட்டீர்கள். உங்களுக்குப் பின்னால் ஊரே போட்டது.

புகை குறைந்தது. தண்ணீர் வந்தது. நான்கு மாதத்தில் என்னைப் பொதட்டூர்பேட்டைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். இரண்டு முறை போன் செய்தீர்கள். “மழைக்கு மண்ணு கரைஞ்சி அது வெளிய வந்துக்கினு கீது மேடம். கெணத்துத் தண்ணி கலரு மாறிப்போச்சு. எப்ப வர்றீங்க?” புதிய அதிகாரியிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன், ஒரே ஒரு தடவை. மூன்றாவது அழைப்பை எடுக்கவில்லை. அப்போது ஒரு பயிற்சிக் கூடத்தில், உங்கள் ஊர் ஒப்பந்தத்தையே நல்ல உதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் சிறுநீரகம் கெட்டு இறந்த சேதி ஒரு மாதம் கழித்துத்தான் வந்தது. கிணறுதான் காரணம் என்று யாரும் எழுதித் தரவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

புதுவாயலிலிருந்து உங்கள் வீட்டுக்குத்தான் போனேன். உங்கள் மகள் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நாற்காலி போட்டாள். “எங்கம்மா உங்கள ஒரு வார்த்த திட்னதில்ல மேடம். கோர்ட்டுக்குப் போலாம்னு பசங்க சொன்னப்பகூட, ‘அந்தம்மா வர்றேன்னு சொல்லிக்கீது, பொறுங்கடா’ன்னு நிறுத்தி வெச்சிச்சி.”

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போய்க் காட்டினாள். மண் பிளந்து சாம்பல் நிறக் கசடு வெளியே கிடந்தது. பக்கத்தில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள்.

மறுநாள் திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். இப்போதைய அதிகாரி கோப்பைத் திருப்பிக் காட்டினார். “பிரச்சினை தீர்ந்துடுச்சுன்னு இருக்கே மேடம். நீங்கதானே எழுதியிருக்கீங்க?” அங்கேயே உட்கார்ந்து ஒரு வாக்குமூலம் எழுதினேன்: அந்த வரி என்னுடையது, ஊருடையது அல்ல; நீங்கள் ஆட்சேபித்தீர்கள், நான் அதைப் பதிவு செய்யவில்லை. அவர் வாங்கி முத்திரை குத்தினார். அதற்கு மேல் என்ன ஆகும் என்று தெரியவில்லை. உங்கள் மகளிடம் நகல் கொடுத்திருக்கிறேன். கோர்ட்டுக்குப் போவதானால் போகட்டும், எனக்காக யாரும் பொறுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் இன்னும் இதே வேலையைத்தான் பார்க்கிறேன் அக்கா. நேற்று அத்திப்பட்டுப் பக்கம் ஒரு கூட்டம். தெருவுக்குள் போகும் லாரிகளின் தூசி பற்றி. எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. கடைசியாக ஒரு பெரியவர் பேனாவை வாங்கி, “சரிம்மா, எங்க போடணும்?” என்றார். நான் காகிதத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். “இதுல உங்களுக்கு ஒப்பாதது எதுங்க ஐயா?” என்று கேட்டேன். பக்கத்து அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.