உச்சியில் எடுக்காத போட்டோ

அருள்புரம்,
மே 20

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வெயிலில் வெந்துகொண்டே சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குளிரில் விறைக்காமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் பார்சலுக்குள் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அதைக் காதில் கேட்க எனக்குத் தெம்பு இல்லை கண்ணு.

ஜூலையில் ஸ்காட்லாந்து வந்தால் எங்களோடு மலை ஏறிவிடுவீர்களா அப்பா என்று நீ கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊதியூர் மலை உச்சியில் நின்று போட்டோ அனுப்புகிறேன், அப்புறம் டிக்கெட் போடு என்று சொல்லிவிட்டேன். சாயப்பட்டறை குகன் மாமாவையும் நம் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர் இளங்குமரனையும் கிளப்பினேன். இந்த வெயில்ல கோழி கூட ஊட்ட விட்டு வெளிய வராது, நீங்க எங்கீங்க கெளம்பறீங்க என்று உன் அம்மா கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. மூன்று பேருக்கும் ஒரே மாதிரி பனியன் சட்டை வேண்டும், நெஞ்சில் நம் கம்பெனி பெயர் இருக்க வேண்டும் என்றேன். மே மாதம் நம் கம்பெனியில் ஓடுவதெல்லாம் வெளிநாட்டுக் குளிர்கால ஆர்டர்தானே, உள்பக்கம் பஞ்சு கிளப்பிய கனத்த துணி. மிச்சம் கிடந்த அதிலேயே இளங்குமரன் வெட்டித் தைத்துவிட்டார். ஏசி ரூமில் போட்டுப் பார்த்தேன், ஜம்மென்று இருந்தது.

ஐம்பது படி ஏறுவதற்குள் குகன் மாமா, ஏனப்பா வேலு, இது பனியனா கம்பளியா என்று கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். இளங்குமரன் தலையில் கட்டிக்கொண்டார். கம்பெனி பெயர் போட்டதை முதலாளியே கழற்றுவதா என்று நான் மட்டும் வீம்பாக ஏறினேன். படி முடிந்து பாறை வந்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது, உட்கார்ந்துவிட்டேன். கொண்டுபோன மோரில் பாதி குடித்தேன், பாதி தலையில் ஊற்றினார்கள். நீங்களாவது போங்கள் என்றேன், இருவரும் அசையவில்லை. எனக்கும் கால் நடுங்குதப்பா, உன்ற பேரச் சொல்லித் தப்பிச்சேன் என்றார் குகன் மாமா. உனக்கு வந்த போட்டோ அந்தப் பாறையில் எடுத்தது. உச்சி இன்னும் எவ்வளவோ மேலே இருந்தது கண்ணு. போட்டோவுக்குக் கீழே உச்சி என்று நான் எழுதியது பொய். அதைப் பார்த்து நீ அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டாய், எனக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.

உன்னைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. மலை ஏற முடியாத அப்பன் எதற்கு என்று டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடாதே. நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள், நான் அடிவாரத்தில் டீ வாங்கி வைக்கிறேன்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு. இந்தப் பார்சலில் அந்த மூன்று பனியன் சட்டையும் இருக்கிறது, துவைத்ததுதான். குகன் மாமா கொடுத்தது உனக்கு, இளங்குமரன் கொடுத்தது மாப்பிள்ளைக்கு. மூன்றாவதை யாருக்கும் கொடுத்துவிடாதே, ஜூலையில் நான் வந்து போட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா,
வேல்குமார்