சின்னத் தாங்கிக்கு டீசல்

12.08 செவ்வாய்

கச்சான் காற்று. கந்தோர் மேசையெல்லாம் மணல். எரிபொருள் வேலை பார்த்த ஸ்ரெல்லா பிள்ளைப்பேற்று லீவில் போனதிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு டீசல் வாங்குவதும் என் தலையில். இதுவரை நான் வாங்கியது பேப்பரும் பேனையும்தான்.

விளங்கியவரை: ஜெனரேட்டர் இரண்டு. பெரியது (பெ.ஜெ.) நிர்வாகக் கட்டடத்துக்கு. சின்னது (சி.ஜெ.) மைதானத்துக்கு அந்தப் பக்கம், விஞ்ஞானக் கட்டடத்துக்கு. பெ.ஜெ. தாங்கியில் அரைவாசிக்கு மேல் டீசல். சி.ஜெ. தாங்கி காய்ந்து கிடக்கிறது. ஞாயிறு பகல் முழுக்கக் கரண்ட் இல்லையாம். அறிவித்தல் வந்தாயிற்று.

பின்னேரம் றிபாயா வந்தாள். மூதூர்ப் பிள்ளை, நண்டு ஆராய்ச்சி. களப்பு நண்டுகளின் சதையைச் சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டு விஞ்ஞானக் கட்டடத்து ப்ரீஸரில் வைத்திருக்கிறாள்.

"ஒருக்கா இளகினா முடிஞ்சுது அக்கா. திருப்பி உறைய வச்சும் பிரயோசனம் இல்ல. மூணு வருச வேல."

"பயப்பிடாதீங்கோ, சனிக்கு முதல் டீசல் வரும்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

வாங்க: தேங்காய், சவர்க்காரம், அவருக்குப் பிரஷர் குளிசை.

13.08 புதன்

மூன்று இடத்தில் விலைக் கொட்டேசன் எடுக்க வேண்டும். சட்டம். வெயிலில் மூன்று பெற்றோல் செட்டுக்கும் அலைந்தேன். டீசல் விலை அரசாங்கம் வைப்பது. மூன்றிலும் ஒரே விலை. ஒரு சதம் வித்தியாசமில்லை.

கொள்முதல் குழுத் தலைவர் மூன்றையும் புரட்டிப் பார்த்தார்.

"இதில குறைஞ்சது எது?"

"எல்லாம் ஒண்டுதான் சேர்."

"அப்ப ஏன் நீங்கள் பேரம் பேசேல்லை?"

பகிடி விடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நாளைக்குக் குழு கூடி முடிவெடுக்குமாம். எதை வைத்து முடிவெடுக்கும்? இரவு வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னேன். "சீட்டுக் குலுக்கச் சொல்லும்" என்று சொல்லிவிட்டு மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

15.08 வெள்ளி

மாதா திருநாள். விடியப் பூசை. மன்றாட்டில் டீசலும் வந்துவிட்டது, மாதா மன்னிக்க வேண்டும்.

குழு, முதலில் பதில் போட்ட செட்டைத் தெரிவு செய்திருக்கிறது. அப்பாடா என்றால், நிதியாளர் கூப்பிட்டார். விஞ்ஞானப் பக்கத்துக்கு ஒதுக்கிய எரிபொருள் காசு முடிந்துவிட்டதாம். றிபாயாவின் குப்பிகளைப் பற்றிச் சொன்னேன்.

"யோசியாதீங்கோ. நிர்வாகத்தின்ர காசில எடுப்பம்" என்றார். நல்ல மனிதர். ஓடிப்போய் றிபாயாவிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோசம்.

16.08 சனி

டீசல் பவுசர் லொறி வந்தது. சாரதி விஞ்ஞானக் கட்டடப் பக்கம் திருப்ப, பொறியியலாளர் கையைக் காட்டி மறித்தார்.

"எங்க போறீர்? இது நிர்வாகக் காசில வாங்கினது. நிர்வாகத் தாங்கிக்குத்தான் போகோணும்."

"சேர், அதில கனக்க இருக்கு. சின்னதுக்கெண்டுதான் கேட்டனாங்கள்."

"நீங்கள் கேட்டது சின்னதுக்கு. வந்தது பெரிசுக்கு. கணக்குப் பாக்க வாற ஓடிட்காரர் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

அவர் சொல்வதும் சரிதானே? பெ.ஜெ. தாங்கி கழுத்துவரை நிரம்பியது. கிடைத்தது என்று ஒப்பம் வைத்தேன். எதற்காக ஓடித்திரிந்தேன் என்றே விளங்கவில்லை. கேன் கொண்டுபோய்க் கைக்காசில் வாங்கலாமென்று செட்டுக்குப் போனேன். கேனுக்கு அடிக்கப் பல்கலைக்கழகக் கடிதம் வேண்டுமாம். கந்தோர் பூட்டு.

ஒரு யோசனை. நாளைக்கு பெ.ஜெ. தாங்கியிலிருந்து இரண்டு கேன் எடுத்து சி.ஜெ.க்கு ஊற்றினால் ஒரு பகல் ஓடும். றிபாயாவுக்குப் போனில் சொல்லிவிட்டேன்.

17.08 ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இரண்டு கேனோடு ஓட்டோவில் போனேன். கரண்ட் போனதும் பெ.ஜெ. தானாக உறுமிக்கொண்டு எழும்பியது. நிர்வாகக் கட்டடத்தில் ஒரு சீவன் இல்லை. ஆனால் எல்லா லைட்டும், எல்லா ஏசியும்.

காவலாளி செல்வராசா தாங்கிப் பூட்டின் திறப்போடு வந்தார். "நீங்கள் ஓமெண்டு சொல்லுங்கோ மிஸ், திறந்துவிடுறன்."

"பொறுங்கோ, ஒருக்காக் கேட்டிட்டு."

பொறியியலாளருக்குப் போன் எடுத்தேன். நிதியாளரிடம் கேட்கச் சொன்னார். நிதியாளர், "தாங்கி என்ர பொறுப்பில்லையே, பொறியியலாளரைக் கேளுங்கோ" என்றார். திரும்பப் பொறியியலாளருக்கு, அதே பதில். குழுத் தலைவர் போன் நிறுத்தி வைத்திருந்தார். திரும்ப நிதியாளர்: "எழுத்தில தாங்கோ, நாளைக்குப் பாப்பம்."

நாளைக்கு!

செல்வராசா இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் தரம் திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

மைதானத்துக்கு அங்கால் றிபாயாவும் அவளுடைய மாமாவும் நிற்பதாகச் செல்வராசா சொன்னார். மாமா மீன் ஐஸ் கொண்டுவந்திருந்தார். மீனுக்கு அந்தக் குளிர் போதும், அவளுடைய குப்பிகளுக்குக் காணாதாம். ஆனாலும் அடுக்கினார்களாம். ப்ரீஸர் அடியால் தண்ணீராம். நான் அங்கே போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

கரண்ட் வர வெயில் சாய்ந்துவிட்டது. வெறும் கேனோடு வீட்டுக்கு வந்தேன்.

18.08 திங்கள்

காற்று இல்லை. புழுக்கம்.

காலைக் கூட்டத்தில் குழுத் தலைவர்: "நேற்று நிர்வாகக் கட்டடத்தில ஒரு நிமிசமும் கரண்ட் நிக்கேல்லை. புதுசா வந்தும் நல்லாச் செய்திருக்கிறா." எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

யார் பிழை விட்டது? தலைவர் சட்டப்படி. நிதியாளர் உதவிதான் செய்தார். பொறியியலாளருக்கு ஓடிட் பயம். நான் அனுமதி கேட்டேன். அனுமதி கேட்பது பிழையா? தலை வெடிக்கிறது.

பின்னேரம் விஞ்ஞானக் கட்டடத்துக்குப் போனேன். றிபாயா குப்பிகளைத் திறந்து ஒவ்வொன்றாக வாளிக்குள் கொட்டிக்கொண்டிருந்தாள். அறை முழுக்க அழுகல் மணம். மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க என்ன செய்வீங்க அக்கா" என்றாள். "நீங்க பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டுதானே நிண்டீங்க."

குத்திக் காட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னாள்.