அம்மா நன்றாகத்தான் பேசுகிறாள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. எல்லோரும் என்றால் நானும் உன் அம்மாவும்தான், அதில் நலம் யார் என்று படித்துவிட்டு நீயே சொல். தினம் போனில் பேசுகிற அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போன் பேசும்போது அவள் என் தோளை ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள் கண்ணு, அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி எப்படிச் சொல்ல? இப்போது சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறாள், எழுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதியோர் பகல் இல்லத்து வேன் நம் வீட்டுக்கு வருவது நின்றுவிட்டது. உன்னிடம் லீவு என்று சொன்னேன், பொய். உன் அம்மாவுக்கு அந்த இடம் தேவையில்லை, வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெண் வீட்டுக்கு வந்து எட்டிப் பார்த்தால் போதும் என்று முதியோர் சேவை அலுவலகத்தில் முடிவு செய்துவிட்டார்கள். போன மாதம் அங்கிருந்து ஓர் அதிகாரிப் பெண் அம்மாவின் ஞாபகத்தைச் சோதிக்க வந்தாள். வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் நமக்குத்தான் கை சும்மா இருக்காதே. வீட்டைக் கழுவித் துடைத்தேன், அவளுக்குத் தலை வாரி நல்ல துணி உடுத்தி உட்காரவைத்தேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகக் காலம் தள்ளியவள், புது ஆளைக் கண்டதும் அந்தப் பழைய குரல் தானாக வந்துவிட்டது. இது எந்த வருஷம் என்று கேட்டால், “இவ்ளோ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாமலா என்கிட்ட கேக்குற?” என்று சிரிக்கிறாள், அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரிக்கிறது. இன்றைக்கு என்ன கிழமை என்றபோது மட்டும் சிரிப்பு வரவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். என்னால் தாங்க முடியவில்லை, “வியாழக்கிழமைன்னு சொல்லேன்” என்று எடுத்துக் கொடுத்துவிட்டேன். மூன்று பொருளின் பெயர் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்து அதே பெயர்களைத் திருப்பிச் சொல்லக் கேட்டாள் அந்தப் பெண், சாவி என்ற வார்த்தைக்கு அம்மா திணறியபோது என் இடுப்புச் சாவிக்கொத்தைக் குலுக்கினேன். அந்நியர் முன்னால் அவள் தோற்பதை உட்கார்ந்து பார்க்க எனக்கு மனசு வரவில்லை. லேசான மறதி, கணவர் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார் என்று அந்த அதிகாரிப் பெண் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கே இருந்த குமாஸ்தா, “வீடும் சுத்தம், ஆளும் சுத்தம், உங்களுக்கு எதுக்குங்க பகல் இல்லம்? விழுந்து கெடக்குறவங்களே வரிசையில நிக்குறாங்க” என்றான். “விழுந்து கெடக்குறவன் எப்படிப்பா வரிசையில நிப்பான்? விழுந்தாத்தான் கை குடுப்பீங்கன்னா சொல்லு, நானே படியில தள்ளிவிட்டுட்டு வரேன்” என்று கத்திவிட்டேன். காவலாளி வந்து கையைப் பிடித்து வெளியே விட்டான். இத்தனை பெரிய ஊருக்கு ஒரே ஒரு இல்லத்தைத் திறந்துவைத்துவிட்டு, யார் அதிகம் நொறுங்கியிருக்கிறார்கள் என்று கிழடுகளுக்குள் போட்டி நடத்துகிறார்கள். நாங்கள் சுத்தமாக இருந்ததால் தோற்றோம்.

காலையில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் கதவைப் பிடித்தபடி நிற்கிறாள். வேன் வரவில்லையா என்று என்னைக் குடைகிறாள். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடத்திக் கூட்டிவந்து, இன்றைக்கு இல்லம் மூடியிருக்கிறது என்கிறேன். அங்கே போன நாட்களில் துண்டு மடிப்பாள், பந்து போடுவாள், யாரோ பழைய பாட்டு வைப்பார்களாம், வீடு திரும்பும்போது முகம் தெளிவாக இருக்கும். இப்போது ஈரத்துணியை அலமாரியில் அடுக்கி வைக்கிறாள், அடுப்பைத் திறந்துவிட்டு மறக்கிறாள். ஒருநாள் தெருவில் இறங்கிப் போய்விட்டாள், அன்றிலிருந்து உள்ளே பூட்டித்தான் வைத்திருக்கிறேன். நேற்று இஸ்திரிக்காரர் துணி கொண்டுவந்தபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, இந்த ஆளு என்னை வெளிய விடமாட்டேங்குறான்” என்று அழுதாள். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை உனக்கு எழுத முடியாது. அவள் இல்லத்துக்குப் போன பகல்களில் வீட்டில் நான் ஒற்றை ஆள்தான், ஆனாலும் தனியாக இருந்ததில்லை, சாயங்காலம் வந்துவிடுவாள் என்று இருந்தது. இப்போது நாள் முழுக்கப் பக்கத்திலேயே இருக்கிறாள், பேச ஆளில்லை.

மறுபடி மனு கொடுத்திருக்கிறேன். வேறோர் அதிகாரி வருவார், உனக்கும் போன் செய்வார்கள். போன தடவை கேட்டபோது, “அம்மா நல்லாத்தான் பேசுறாங்க, அப்பாதான் ரொம்ப பயப்படுறாரு” என்று சொன்னாயாம், குமாஸ்தா எனக்கு வாசித்துக் காட்டினான். உன்மேல் கோபம் இல்லை. போனில் அவள் பேசுவதைக் கேட்டால் நானே ஏமாந்துபோவேன், குழந்தை சாப்பிட்டதா, அங்கே குளிரா என்று எல்லாம் சரியாகக் கேட்கிறாள். ஆனால் போனை வைத்ததும் என் பக்கம் திரும்பி, “யாருங்க அந்தப் பொண்ணு, ரொம்ப மரியாதையா பேசுது?” என்கிறாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முதலில் நம் மகள் என்று சொல்லிப் பார்த்தேன், மகளையே தெரியவில்லையே என்று வெட்கப்பட்டு அழுதாள். இப்போதெல்லாம் தெரிந்த பெண் என்று சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை சோதனைக்கு வரும்போது நான் அறையில் இருக்க மாட்டேன், மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். கிழமை தெரியாமல் என் முகத்தைத் தேடுவாள். தேடட்டும்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழுங்கள், குட்டிக்கு என் முத்தம். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீ அழுதுகொண்டே அம்மாவுக்கு போன் செய்யாதே, குரல் மாறினால் அவள் பயந்துவிடுவாள். அலுவலகத்திலிருந்து கூப்பிட்டால், உன்னை யார் என்று அவள் கேட்டதை அப்படியே சொல்லிவிடு. சொல்லும்போது கஷ்டமாகத்தான் இருக்கும், சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா