உலு லெங்காய் கடமான்கள் தட்டுச் சத்தத்துக்கு வருவது குறித்து

அனுப்புநர்:
மோகனராஜ் த/பெ தங்கராஜு,
C-7-14, ஜெலுத்தோங் அடுக்குமாடி வீடுகள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கடமான் வேட்டை உரிமக் குலுக்கல் செயலகம்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பொருள்: உலு லெங்காய் வேட்டைப் பகுதியில் விடப்பட்டுள்ள மான்கள் காட்டு மான்கள் அல்ல என்பதும், ஜூலை 26ஆம் தேதி வேட்டையை உடனே நிறுத்தக் கோருவதும்.

பார்வை: குலுக்கலில் எனக்குக் கிடைத்த உரிமப் பட்டை எண் 03.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. பாயான் லெப்பாசில் மின்னணுப் பொருள் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக இருக்கிறேன். பாலிக் புலாவில் என் மாமனார் வழியில் வந்த சிறு டுரியான் தோட்டம் உண்டு. காட்டுப்பன்றித் தொல்லைக்காக அங்கே பத்தொன்பது ஆண்டுகளாகத் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறேன். இதுவரை என்மீது ஒரு புகாரும் கிடையாது. தங்கள் முகப்பிடத்தில் புகார்களை நான்கு மொழிகளில் தரலாம் என்று எழுதி ஒட்டியிருப்பதால் தமிழில் எழுதுகிறேன். மலாயில்தான் முதலில் எழுதினேன். படித்துப் பார்த்தபோது அது ஏதோ தண்ணீர்க் குழாய் உடைந்ததைப் பற்றிய கடிதம்போல் இருந்ததால் கிழித்துவிட்டேன்.

2. நான் வேட்டைக்கு எதிரானவன் அல்லன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் இம்மனு "விலங்கு நேசர்கள்" என்ற கோப்பில் போய்த் தூங்கிவிடும். பன்றி சுட்டிருக்கிறேன், சமைத்திருக்கிறேன், பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். மானும் சுட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் நான்கு ஆண்டுகள் தங்கள் குலுக்கலுக்கு விண்ணப்பித்தேன். அந்த ஆசையைப் பற்றி இன்றும் எனக்கு வெட்கமில்லை. அது நிறைவேறிய விதத்தைப் பற்றித்தான் இம்மனு.

3. முதல் மூன்று ஆண்டுகள் என் பெயர் விழவில்லை. விழாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு சீட்டு கூடுதலாகச் சேரும் என்ற தங்கள் விதிப்படி இவ்வாண்டு என் பெயரில் நான்கு சீட்டுகள் இருந்தன. கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரை முதல் பன்னிரண்டு வரை இராகு காலம் என்று என் மனைவி காமினி என்னைக் கணினிப் பக்கமே விடவில்லை. கணினிக்கு ஏது இராகு காலம் என்று என் நண்பர் நூர் முகம்மது சிரித்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு அனுப்பினோம். மே மாதம், ஒரு மானுக்கு ஒன்றாக வழங்கும் பன்னிரண்டு பட்டைகளில் ஒன்று எனக்கு என்று செய்தி வந்தது. மதியத்துக்குள் எங்கள் மாடி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. யார் யாருக்கு எத்தனை கிலோ இறைச்சி என்று காமினி பட்டியலே போட்டுவிட்டாள்.

4. அடுத்த ஆறு வாரமும் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. துணை வேட்டையாளராக நூர் முகம்மதுவின் பெயரைக் கொடுத்தேன். அவர் துணை வருவதற்கு நட்பு மட்டும் காரணமல்ல. சுட்ட மானின் உயிர் பிரியுமுன் ஹலால் முறைப்படி அறுத்தால்தான் எங்கள் மாடியில் எல்லா வீட்டாரும் சாப்பிட முடியும். அந்தக் கை அவருடையது. காட்டின் வரைபடம், ஓடைகள், காற்று வீசும் திசை எல்லாம் இருவரும் மனப்பாடம் செய்தோம். மனித வாடை மானுக்கு எட்டக்கூடாது என்று இரண்டு வாரம் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கவில்லை. திருநீறுகூட வேட்டை முடியட்டும் என்று தள்ளிவைத்தேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாத வீடு இந்த புளோக்கில் எங்களுடையது ஒன்றுதான் என்று காமினி குறைப்பட்டுக்கொண்டாள். இவ்வளவையும் ஏன் எழுதுகிறேன் என்றால், இதில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும்.

5. ஜூலை 12, சனிக்கிழமை, முதல் சுற்று வேட்டை. விடியற்காலை முதல் ஓடைக்கரையில் மறைவிடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு காலடித் தடம்கூடக் கண்ணில் படவில்லை. பதினொரு மணிக்கு மேல் சலித்துப்போய் முகாமுக்குத் திரும்ப நடந்தேன். முகாமில் நூர் முகம்மது வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றையும் கறியையும் சூடாக்கித் தகரத் தட்டில் போட்டுவிட்டு, நான் இன்னும் மறைவிடத்தில் இருப்பதாக எண்ணி, அந்தத் தட்டைக் கரண்டியால் டங் டங் என்று தட்டினார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவர் தந்தை நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்த காலத்தில், வேலையாட்களைச் சாப்பிடக் கூப்பிடத் தட்டைத்தான் தட்டுவார்கள். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. வேட்டைக் காட்டில் தட்டைத் தட்டும் ஆள் இவர் ஒருவராகத்தான் இருக்க முடியும் என்று நினைத்துக்கொண்டே நான் அவர் எதிரில் போய் நின்றேன். அவர் விளையாட்டாக இன்னும் நான்கு தட்டு தட்டினார்.

6. புதர் விலகியது. ஆண் கடமான் ஒன்று வெளியே வந்தது. பின்னால் இரண்டு பெண் மான்கள். அவை ஓடி வரவில்லை, பதுங்கியும் வரவில்லை. கடைக்குப் போகிறவர்களைப்போல் நடந்து வந்தன. ஆண் மான் எங்களிடமிருந்து பதினைந்து அடி தூரத்தில் நின்றது. நான்கு ஆண்டுச் சீட்டுக்கு முருகன் இன்று கண் திறந்தான் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். நான் துப்பாக்கியை உயர்த்தியபோது அந்த மான் என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

7. நான் சுட்டேன். அனுமதிக்கப்பட்ட பகுதி, அனுமதிக்கப்பட்ட நேரம், கொம்பின் நீளமும் விதிப்படி சரி. நூர் முகம்மது கத்தியோடு ஓடிப்போய், இறைவன் பெயர் சொல்லி, உயிர் இருக்கும்போதே அறுத்தார். எல்லாம் முறைப்படி நடந்தது. அதன் பிறகு நடந்ததற்குத் தங்கள் விதிப் புத்தகத்தில் பக்கம் இல்லை. துப்பாக்கி வெடித்தும் அந்த இரண்டு பெண் மான்களும் காட்டுக்குள் ஓடவில்லை. பத்தடி பின்வாங்கி நின்றன. பிறகு மெல்ல வந்து, கீழே விழுந்துகிடந்த தட்டிலிருந்து சிதறிய சோற்றைத் தின்ன ஆரம்பித்தன. நூர் முகம்மது இரத்தக் கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். முப்பது ஆண்டு நட்பில் அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "அண்ணே, இதுங்க ஓடலையே" என்றார்.

8. மானின் கழுத்து மயிருக்குள் மஞ்சள் நிற நைலான் கயிறு ஒன்று இருந்தது. இடது காதில் நீலப் பிளாஸ்டிக் வில்லை, அதில் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மூடப்பட்ட மான் பூங்கா ஒன்றின் பெயர். பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போகும் இடம் அது. என் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள்.

9. சோதனைச் சாவடிக்கு வந்தபோது அன்றைய நான்கு பட்டைகளும் மதியத்துக்குள் தீர்ந்துவிட்டன என்று பணியாளர் சந்தோஷமாகச் சொல்லிக் கைகொடுத்தார். காட்டில் மான் வேட்டை தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். நான்கு துப்பாக்கிக்கு நான்கு மான், அதுவும் அரை நாளில். படிவத்தில், விலங்கு எவ்வாறு குறிக்குள் வந்தது என்ற கேள்விக்குத் தடம் பார்த்து, காத்திருந்து, விரட்டி என்று மூன்று பெட்டிகள் இருந்தன. எதிலும் நான் குறியிடவில்லை. சாப்பிட வந்தது என்று எழுத அங்கே இடமில்லை.

10. மறுநாள் அந்தப் பூங்காவுக்குப் போனேன். வாசலில் பூட்டு. எதிரில் மளிகைக் கடைக்காரரிடம் விசாரித்து, அங்கே பதினோரு ஆண்டுகள் மான்களுக்குத் தீனி வைத்த சின்னம்மா என்பவரைப் பிறை நகரில் கண்டுபிடித்தேன். இப்போது அங்கே தொழிற்சாலை உணவகம் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறார். அந்தப் பூங்காவில் வேலை பார்த்தவர்களில் பலர் தமிழர்கள். மாட்டுப் பொங்கலன்று மாடு இல்லாத குறைக்கு மான்களுக்கே பொங்கல் வைப்பார்களாம். குங்குமம் வைத்து, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, தட்டைத் தட்டி, பொங்கலோ பொங்கல் என்று கூவி, வாழையிலையில் சோறு போடுவார்களாம். பிறகு அந்தத் தட்டுச் சத்தமே தினசரி தீனி மணியாகிவிட்டதாம். நூல் கயிறு மழையில் அறுந்துபோகிறது என்று கடைசிப் பொங்கலுக்கு நைலான் கயிறு வாங்கிக் கட்டியது தாம்தான் என்றார். நான் கயிற்றை எடுத்து அவர் முன் வைத்தேன். அவர் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னது இது: "தம்பி, அது மனுசன நம்பி வளந்த உசுருலா. தட்டு சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் வந்துரும். அதத் தட்டிக் கூப்ட்டா சுட்டீங்க?"

11. ஐயா, தெரியாமல் நடந்தது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் பதினைந்து அடியில் ஓடாமல் நிற்கும் மானைப் பார்த்து, ஏன் இது ஓடவில்லை என்று ஒரு கணம் யோசிக்காதவன் நான். இருபத்தாறு ஆண்டுகளாகத் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். ஒரு பொருள் வழக்கத்துக்கு மாறாக இருந்தால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. அன்றைக்கு அதைச் செய்யவில்லை. அந்தப் பங்கு என்னுடையது, அதைத் தங்கள் தலையில் கட்ட நான் வரவில்லை.

12. தங்கள் பங்குக்கு வருகிறேன். ஜூலை 15ஆம் தேதி விடுப்பு எடுத்துக்கொண்டு தங்கள் முகப்பிடத்துக்கு வந்தேன். அதிரா என்ற இளம் அலுவலர் மரியாதையாக உட்காரவைத்து, கணினியைப் பார்த்துச் சொன்னார். பூங்கா மூடப்பட்டபின் பதினான்கு மான்கள் வேலிக்குள் பராமரிக்கப்பட்டு, இவ்வாண்டு மார்ச்சில் உலு லெங்காயில் விடப்பட்டன. விட்டுத் தொண்ணூறு நாள் கடந்தால் பதிவேட்டில் அவை காட்டு விலங்கு ஆகிவிடும். வேட்டைச் சுற்று தொடங்கும்போது அந்தத் தொண்ணூறு நாள் முடிந்திருந்தது. இதை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டேன். "சிஸ்டம் தானா மாத்திரும் அங்கிள், நாங்க ஒண்ணும் பண்றதில்ல" என்றார். அந்தப் பெண்மீது எனக்கு வருத்தமில்லை. சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பதினோரு ஆண்டுகள் மனிதக் கையில் சோறு தின்ற உயிருக்கு, மனிதனைக் கண்டு பயப்பட வேண்டும் என்று தொண்ணூறு நாளில் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கணினி சொல்லிக் கொடுத்ததா?

13. என் பட்டையில் கிடைத்த இறைச்சி இன்னும் உறைபெட்டியில் இருக்கிறது. நூர் முகம்மது தம் பங்கை எடுத்துப் போகவில்லை. மசாலாவை அரைத்து வைத்திருந்த காமினி பட்டியலை மடித்துப் போட்டுவிட்டாள். மாடியில் கேட்பவர்களிடம் மான் கிடைக்கவில்லை என்று பொய் சொல்கிறாள். பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவள். அதுவும் என்னால் வந்தது.

14. பதினான்கில் நான்கு போய்விட்டன. பத்து இருக்கின்றன. ஜூலை 26இல் நான்கு பட்டைகள், ஆகஸ்டில் நான்கு பட்டைகள். குலுக்கலில் வென்றவர்கள் எல்லோரும் என்னைப்போல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு யாராவது ஒருவர் தட்டில் கரண்டி படும்படி சோறு பரிமாறினால் போதும். அவை வந்து நிற்கும்.

15. ஆகவே என் கோரிக்கை மூன்று. மீதமுள்ள இரண்டு சுற்று வேட்டையையும் நிறுத்த வேண்டும். அந்தப் பத்து மான்களையும் பிடித்து, பழகியவர்கள் பராமரிக்கும் வேலிக்குள் திரும்பச் சேர்க்க வேண்டும். தட்டுக்கு வரும் என்பதால் பிடிப்பது கடினமில்லை. சின்னம்மா சம்பளம் வேண்டாம், பேருந்துக் கூலி கொடுத்தால் வருகிறேன் என்கிறார். மூன்றாவதாக, பூங்காவில் வளர்ந்த விலங்குகளைத் தொண்ணூறு நாளில் காட்டு விலங்காக்கும் அந்த விதியை யாராவது ஒரு மனிதர் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் ஒரு குறை கண்ணில் பட்டால் கடைநிலைத் தொழிலாளிகூடச் சிவப்புப் பொத்தானை அழுத்தி மொத்த வரிசையையும் நிறுத்தலாம், யாரும் திட்டமாட்டார்கள். தங்கள் அலுவலகத்தில் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இந்த மனுவைத்தான் அழுத்துகிறேன்.

16. நான் சொல்வதில் ஐயம் இருந்தால் 26ஆம் தேதிக்கு முன் ஒருநாள் தாங்களே உலு லெங்காய் முகாமுக்கு வந்து பார்க்க வேண்டுகிறேன். துப்பாக்கி வேண்டாம், மறைவிடம் வேண்டாம், எண்ணெய் தேய்த்துக்கொண்டே வரலாம். தேவையானதை இத்துடன் வைத்திருக்கிறேன். தாங்கள் வரும்வரை அந்தப் பத்து உயிர்களும் இருக்க வேண்டும் என்ற ஒரே வேண்டுதலோடு முடிக்கிறேன்.

இணைப்புகள்:
அ. பயன்படுத்தப்பட்ட உரிமப் பட்டை எண் 03, காது வில்லையுடன்.
ஆ. மஞ்சள் கயிற்றின் நிழற்படம். கயிறு சின்னம்மாவிடம் இருக்கிறது. திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.
இ. சின்னம்மா, நூர் முகம்மது ஆகியோர் கையொப்பமிட்ட வாக்குமூலங்கள்.
ஈ. தகரத் தட்டு ஒன்று, கரண்டி ஒன்று. போகும்போது தயவுசெய்து சோறும் எடுத்துச் செல்லவும். கூப்பிட்டுவிட்டுச் சோறு போடாதது ஒருமுறை போதும்.

இடம்: ஜார்ஜ்டவுன்
தேதி: 17 ஜூலை 2025

பணிவுடன்,
(ஒப்பம்)
மோகனராஜ் த/பெ தங்கராஜு