உன் அம்மா எங்கே வசிக்கிறார்?

என்னை ஏசுவதற்கென்றே எனக்கு முன்னால் பிறந்த ஆசை அக்காவுக்கு,

சுற்றி வளைத்தால் உனக்குப் பிடிக்காது. உன் மகள் கோபிகா ஜேர்மன் பாஷைச் சோதனையில் தவறிவிட்டாள். அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஜேர்மனியிலிருக்கும் புருஷனிடம் போக விசா இல்லை.

படிப்பில் குறையில்லை. நானல்லவா சொல்லிக்கொடுத்தேன்! எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்கமாட்டாமல் அனுப்பிவிட்டாலும், பிராங்போர்ட் விமான நிலையத்தில் ஒரு பகல் முழுக்க இருந்தவன் நான். அங்கே ஒரு பொலிஸ்காரன் என் ஜேர்மனைக் கேட்டுத் தொப்பியைக் கழற்றினான். நீ நம்பமாட்டாய். நீ எதைத்தான் நம்பினாய்?

அந்தப் பாஷையில் மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், இளம்பெண் மட்டும் அஃறிணை. “இதுக்கு என்ன காரணம் மாமா?” என்றாள். “காரணம் கேட்டா விசா தரமாட்டான், பாடமாக்கு” என்றேன். சில வினைச்சொற்களின் தலையை வெட்டி வசனத்தின் வாலில் ஒட்டுவார்கள். மீன் வெட்டுகிற மாதிரி நினை என்றேன். பிடித்துக்கொண்டாள்.

வகுப்பு நடத்தும் வாத்தியார் சேர், எங்கள் வெள்ளவத்தை வழக்கப்படி, எல்லாருக்கும் ஒரே பதில்களை அச்சடித்துக் கொடுத்திருந்தார். கோபிகா அவற்றைப் பாடமாக்கியது நீ குசினியில் நின்ற காலத்தில். ‘என் அம்மா வெள்ளவத்தையில் வசிக்கிறார்’ என்று அவள் ஜேர்மனில் கத்திவிட்டுத் தமிழிலும் சொல்லுவாள். “ஓம், இஞ்சதான் இருக்கிறன், வந்து தேங்காயைத் துருவு” என்பாய் நீ.

பேச்சுச் சோதனையில் பக்கத்திலிருப்பவர் கேள்வி கேட்க வேண்டும். பக்கத்திலிருந்த பெட்டைக்குக் ‘குடும்பம்’ என்ற சீட்டு வந்தது. அவளும் அதே சேரிடம் படித்தவள்; பாடமாக்கியதைக் கேட்டாள். உன் அம்மா எங்கே வசிக்கிறார்? கோபிகா வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு கேட்ட எதற்கும் திறக்கவில்லை.

“வெள்ளவத்தை எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கலாமே பிள்ளை. அவனென்ன வீட்டுக்கு வந்து தேடவா போறான்?” என்றேன்.

“நீங்கள் சொல்லுவியள் மாமா. எனக்கு வரேல்ல.”

“அப்ப, செத்துப்போனா எண்டு சொல்லுறது. அந்த வசனத்தை நான் தேடித் தாறன்.”

“அது தெரியும். நானே தேடிப் பாடமாக்கினனான், பிழையில்லாமல்.” ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “தமிழிலயே நான் இன்னும் ஒருத்தருக்கும் அதைச் சொல்லேல்ல.”

நான், அக்கா, எழுந்துபோய்த் தேங்காயைத் துருவினேன்.

புத்தகங்களை அலுமாரிக்கு மேலே போட்டுவிட்டாள். டோர்ட்முண்டிலிருக்கும் உன் மருமகன், கலியாணப் பதிவு எழுத்து முடிந்த புதிதில் ஓயாமல் போன் எடுத்தவன், இப்போது ஞாயிறுகளில் மட்டும் எடுக்கிறான். “அடுத்தமுறை பாப்பம்” என்கிறான். அந்தக் குரலில் அடுத்தமுறை இல்லை. எனக்குத் தெரியாதா? ஆயிரம் பேருக்கு நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

பொலிஸ்காரன் கதையை இன்னும் பெரிதாக்கிச் சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. நீயென்றால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்?

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். மறுபடி சோதனைக்குப் போ என்று அவளை நெருக்கமாட்டேன். வருகிற ஞாயிறு அவன் எடுக்கும்போது போனை நான் வாங்கி, அவன் பெண்சாதி ஏன் வாய் திறக்கவில்லை என்று சொல்லுவேன். ஒரு சொல்லும் கூட்டாமல். அதற்குப் பிறகு அவன் எடுக்காமலே விடக்கூடும். அப்படியென்றாலும் சொல்லுவேன்.

உன் தம்பி,
கோபிகாவுக்கு மிஞ்சியிருக்கும் மாமன்